அண்ணன் குரல் போன இடம்

மகள் கல்யாணத்துக்கு மாலை சொல்லிவைக்க லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தோம். சர்ச் கல்யாணம்தான், ஆனாலும் பெண்ணுக்கு மாலை எடுத்து வரவேண்டியது தாய்மாமன். என் அண்ணன் வரமாட்டார் என்றுதான் நாங்களே கிளம்பினோம். நான் வேதக்காரரைக் கட்டிக்கொண்டதிலிருந்து அவர் என்னோடு பேசியதில்லை. அவர் கிளமெண்டி, நாங்கள் புக்கிட் பாத்தோக். கூப்பிடு தூரம், ஆனால் கூப்பிட்டதில்லை. அழைப்பிதழைக்கூடத் தபாலில்தான் அனுப்பினேன்.

கணவர் பூக்கடைக்குள் பேசிக்கொண்டிருந்தார். நான் வெளியே நின்றேன். ஃபோனில் வீடியோ அழைப்பு. அண்ணன்! எடுத்தேன். திரையில் அவர் வாய் அசைகிறது, சத்தத்தைக் காணோம்.

"அண்ணே, ஒண்ணும் கேக்கலண்ணே!"

சத்தத்தைக் கூட்டினேன். ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் மூன்று பெயர்கள் வந்து நிற்கின்றன. ஃபோன், ஸ்பீக்கர், அப்புறம் எழுத்தும் எண்ணுமாக ஏதோ ஒன்று. டிக் அதற்கு நேரே இருந்தது. என்ன இழவோ! தடுமாறியதில் விரல் சிவப்புப் பொத்தானில் பட்டு, அண்ணன் போய்விட்டார். திட்டினாரா, வாழ்த்தினாரா? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நடுத்தெருவில் அழுகை வந்தது.

உள்ளே ஓடினேன். கணவர் கூரையைப் பார்த்தபடி நிற்கிறார். பிறகு கடைக்காரரிடம், "பொண்ணு மாலை வேணாங்க" என்கிறார்.

"என்னங்க, புத்தி கெட்டுப்போச்சா? அப்புறம் யாரு மாலை கொண்டு வருவா?"

"உன் அண்ணன்."

"விளையாடாதீங்க லா."

அவர் காதைத் தொட்டுக் காட்டினார். காது மெஷின்! அவருடைய பழைய ஃபோனில் அது சேரவில்லை என்று, என் ஃபோனில் சேர்த்து வைத்ததே நான்தான். அண்ணன் பேசியதெல்லாம் நேரே அந்தக் காதுக்குள் போயிருக்கிறது.

"முதல்ல யாரு பேசறதுன்னே புரியல. பொண்ணுக்கு மாலை நான் எடுத்துட்டு வர்றேன், மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்கிறாரு." அவர் மறுபடி காதைத் தொட்டுக்கொண்டார். "என்னைத்தான் மாப்பிள்ளைங்கிறாரு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் காத்திருந்த வார்த்தை அது.

திரும்ப அழைத்தேன். அண்ணன் எடுத்ததும் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டேன். அதே மூன்று பெயர்கள், டிக் காது மெஷினுக்கு நேரே. அண்ணன் குரலைக் கேட்க எனக்கும் கொள்ளை ஆசை. ஸ்பீக்கர் பக்கம் போன விரலை இழுத்துக்கொண்டேன். டிக் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று ஃபோனைக் கணவர் கையில் கொடுத்தேன்.