நீட்டிய கைக்குள் ஒரு வலை

கான்கிரீட் மேஸ்திரியின் பெண்டாட்டிக்கு வேலை நடக்கும் இடங்களில் ‘கொக்கி’ என்றுதான் பெயர். கம்பி முடுக்கும் கொக்கி எப்போதும் அவள் இடுப்பில் இருக்கும். கடைக்குப் போனாலும் இருக்கும். பதினான்கு வருடமாகக் கம்பி கட்டுகிறாள். குறுக்கும் நெடுக்குமாகக் கம்பியைப் பரப்பி, சந்திக்கிற இடமெல்லாம் முடுக்கி, வலையாக்கிவிட்டு எழுந்தால், மறுநாளே புருஷன் ஆட்களோடு வந்து கான்கிரீட் கொட்டி மூடிவிடுவான்.

“நீ கட்டுறத எவன் பார்க்கப் போறான்? வெளிய தெரியறது என் வேலைதான்” என்று சீண்டுவான். வாய்க்கு ஒன்றும் குறைச்சலில்லை.

அவன் கான்கிரீட் போடும் நாளெல்லாம் அவளும் வந்து நிற்பாள். “மேஸ்திரிய வேவு பார்க்க அக்கா வந்தாச்சு” என்று ஆட்கள் சிரிப்பார்கள். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

பள்ளிக்கூடத்து மாடி வராந்தாவுக்குக் கான்கிரீட் போட்ட அன்றும் வந்தாள். அந்த வராந்தாவுக்கு அடியில் தூண் கிடையாது. சுவரிலிருந்து ஐந்தடி சும்மா நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கான்கிரீட் குழாயை இழுத்தவர்கள் மிதித்த மிதியில், வலையை உயர்த்திப் பிடித்திருந்த குட்டிக் கம்பிகள் சாய்ந்து, வலை முழுக்க அடிப்பலகையில் படுத்திருந்தது.

“நிறுத்துங்க” என்றாள்.

லாரிக்குள் கான்கிரீட் இறுகிக்கொண்டிருந்தது. இருபது பேர் முன்னால் பெண்டாட்டி நிறுத்தச் சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

“கம்பி உள்ளதானே இருக்கு? மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன?”

அவள் சண்டைக்குப் போகவில்லை. தண்ணீர் வாளியை எடுத்து அவனிடம் கொடுத்தாள். “கைய நேரா நீட்டிப் பிடிங்க.”

வீம்புக்குப் பிடித்தான். சற்று நேரத்தில் கை வெடவெடத்தது.

“எங்க இழுக்குது? தோளுக்கு மேலயா, அக்குள்லயா?”

“மேலதான்.”

“இந்த வராந்தாவும் நீட்டின கைதாங்க. மேல்பக்கம்தான் பிஞ்சு போகப் பார்க்கும். கான்கிரீட் அமுக்கினா தாங்கும், இழுத்தா தாங்காது. அங்க பிடிச்சுக்கத்தான் கம்பி. கீழ கிடந்தா, அடியில தாங்கி நிக்கற முட்டு எடுக்கற அன்னைக்கே மொத்தமும் இறங்கிடும்.”

அவன் இதுவரை போட்ட பால்கனிகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன.

“அப்போ, முன்னாடி போட்டதெல்லாம்?”

“நீங்க சாப்பிட இறங்கறப்போ கொக்கிய மாட்டி வலையத் தூக்கி வெச்சிடுவேன். இன்னைக்கு மிதிச்சது ரொம்ப அதிகம். ஒருத்தியால ஆகாது.”

அடேயப்பா, பதினான்கு வருடம்! ஒரு வார்த்தை சொன்னதில்லை இவள். அவன் வாளியை வைத்துவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்தான். ஆட்களும் உட்கார்ந்தார்கள். வலை மேலே ஏறியது. மிதிக்காமலிருக்கப் பலகை போட்ட பிறகுதான் குழாய் நகர்ந்தது.

முட்டு எடுத்துப் பல நாளான பின்பு, மணி அடித்ததும் முந்நூறு பிள்ளைகள் திமுதிமுவென்று அந்த வராந்தாவுக்கு ஓடிவந்தார்கள். கீழே அவளோடு நின்ற மேஸ்திரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். வராந்தா அசையவில்லை.

“கண்ணாடி மாதிரி போட்டிருக்கீங்க மேஸ்திரி” என்றார் தலைமையாசிரியர்.

“நான் மூடிதான் வெச்சேன் சார்” என்றான் அவன். “பிடிச்சுட்டு நிக்கறது இவ.”