தெல்மா வேனில் ஏறிய நாள்

சைக்கிளைச் செம்மண்ணில் சாய்த்துவிட்டு, செத்துக் கிடக்கும் கங்காருவின் அருகே மண்டியிட்டு, அதன் வயிற்றுப்பைக்குள் குட்டி உயிரோடு இருக்கிறதா என்று கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார் தெல்மா க்ராடாக். நாற்றத்துக்கு முகம் சுளிப்பதில்லை. பை காலியாக இருந்தால், பெயின்ட் டப்பாவை எடுத்து உடல்மேல் மஞ்சளாக ஒரு பெருக்கல் குறி தெளிக்கிறார். பின்னால் வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி மறுபடி தேட வேண்டாம் அல்லவா? வில்கேனியாவுக்கும் கோபாருக்கும் நடுவிலுள்ள சாலையில் லாரிகள் ராத்திரியெல்லாம் கங்காருக்களை அடித்துப் போட்டிருக்கும். காலையில் அவருக்கு வேலை அதிகம்.

நான் அந்தச் சாலையில் தபால் வேன் ஓட்டுகிறவன். காலையில் கோபாரிலிருந்து மேற்கே போவேன், சாயங்காலம் திரும்புவேன். தெல்மா வருவது மேற்கிலிருந்து. மேற்குக் கடலில் பின்சக்கரத்தை நனைத்துக் கிளம்பியவர், கிழக்குக் கடலில் முன்சக்கரம் நனையும்வரை எந்த வண்டியிலும் ஏறுவதில்லை என்று தனக்குத்தானே விதித்துக்கொண்டு, தன்னந்தனியாக மிதிக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பீன்ஸ் டப்பாவை உடைத்து, சூடுபடுத்தாமல், நின்றுகொண்டே தின்பார். தொப்பியைச் சுற்றிய வலைக்குள் ஈ புகுந்துவிட்டால், "டிக்கெட் எடுத்தியா?" என்று அதைக் கேட்பார்.

அன்று காலை வேனை நிறுத்தி, "எதிர்க்காத்து பலமா இருக்கே தெல்மா," என்றேன்.

"அது பாட்டுக்கு அது போகுதுய்யா. நான்தான் குறுக்க வந்துட்டேன்."

அவருடைய கணவர் இறைச்சிக்காகக் கங்காரு சுடும் தொழில் செய்தவர். அவருக்கு ஜீப் ஓட்டியவர் தெல்மா. சுடப்பட்ட தாயின் பையில் குட்டி இருந்தால் அதையும் கொன்றுவிட வேண்டும். "அது மட்டும் அவரால முடியாது. அழுதுருவாரு. அதனால நான் செஞ்சேன்," என்று ஒருமுறை சொன்னார்.

சாயங்காலம் திரும்பும்போது நடுச்சாலையில் நின்று வேனை மறித்தார். ஒரு கை மார்போடு சேர்ந்திருந்தது.

"சட்டைக்குள்ள ஒண்ணு இருக்குய்யா."

கம்பளிக் குல்லாவுக்குள் கண் திறக்காத, ரோமம் முளைக்காத குட்டி. வாயிலிருந்து பிடுங்கினால் காயம்பட்டுவிடும் என்று, தாயின் காம்பைக் கத்தரித்து அதோடு எடுத்திருந்தார்.

"குடுங்க. கோபார்ல நோலீன் இந்த மாதிரிக் குட்டிங்களத்தான் வளர்க்கறா. அவகிட்ட சேர்த்துடறேன்."

"எதுல வச்சுக் கொண்டுபோவ? தபால் மூட்டையிலயா? அதுக்கு உடம்புச் சூடு வேணும். ஒரு கையால அணைச்சுப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்."

"அப்ப நீங்க ஏறணுமே?"

"தெரியுது."

தான் மிதித்து வந்த சாலையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"சைக்கிளத் தூக்கிப் பின்னால போடு. சீக்கிரம்."

வேனில் ஏறி உட்கார்ந்தார். சட்டைக் கழுத்தை விலக்கி, உள்ளே மூச்சை ஊதிக்கொண்டே வந்தார். நான் அதுவரை அந்தச் சாலையில் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. கோபார் கண்ணுக்குத் தெரிந்தபோது என் தோளைத் தொட்டார்.

"மெதுவாப் போய்யா. இனி அவசரமில்ல."

நோலீன் வீட்டுக் கொல்லையில் குல்லாவோடு புதைத்தோம். "முடியே முளைக்கல. எங்கிட்ட உயிரோட வந்திருந்தாலும் கஷ்டம்தான். உங்களுக்கே தெரியுமே," என்றாள் நோலீன்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, மண்ணைக் கையாலேயே தட்டிச் சமப்படுத்தினார் தெல்மா.

மறுநாள் காலை தபால் ஆபீஸ் வாசலில் சைக்கிளோடு நின்றார். ஏறிய இடத்திலேயே இறக்கிவிட வேண்டுமாம்.

"இங்கேருந்தே மிதிச்சுப் போங்களேன். யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அதான்யா தொல்லையே."

வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். செத்த தாயின்மேல் காகங்கள் உட்கார்ந்திருந்தன. அதன் பக்கத்தில் வேனை நிறுத்தி, சைக்கிளை இறக்கி வைத்தேன். தெல்மா உடனே சைக்கிளில் ஏறவில்லை. கைப்பிடியை மேற்கே திருப்பி, கங்காருவைக் கடந்து, முந்தின நாள் மிதித்து முடித்த சாலையிலேயே ஓரடிகூட மிதிக்காமல் விட்டுப்போகக் கூடாதென்று, கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே நின்று கிழக்கே திருப்பி, அதன்பிறகுதான் பெடலில் கால் வைத்தார்.