எல்லாச் சாட்சிக்கும் ஒரே குரல்

விசாரணை மண்டபத்து வாசலிலேயே என்னைத் தடுத்துவிட்டார்கள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வரச்சொல்லிவிட்டு வாசலில் நிறுத்தினால் கோபம் வராதா? வந்தது.

தடுத்தவர் விசாரணைக் குழுவின் செயலாளர் புவான் ரொஸ்னா, அதாவது திருமதி ரொஸ்னா. தொழில்முறை சைக்கிள் அணி ஒன்றில் வீரர்களுக்கு ஊக்கமருந்து ஊசி போட்டதாகப் புகார். அதற்கான பொது விசாரணை அது. அணியின் மசாஜ்காரர், லூனாஸ் ஊர்க்காரரான மணி, பார்த்ததைச் சொல்ல முன்வந்திருந்தார். பெயர், முகம் எதுவும் வெளியே தெரியாது. பக்கத்து அறையில் அவர் தமிழில் சொல்வதை நான் மைக்கில் மலாயில் சொல்ல வேண்டும்.

"அந்த அணியில தமிழர் ஒருத்தர்தான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்திருக்கார்னு அறிவிச்சா, சாட்சி யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடாதா?" என்று மலாயில் கேட்டார் ரொஸ்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணியின் மனைவி வேலை செய்வதோ குருண் என்ற ஊரில் உள்ள அணி முதலாளியின் தொழிற்சாலையில்.

ரொஸ்னா உடனே ஏற்பாட்டையே மாற்றினார். எந்த மொழிக்காரரானாலும் எல்லாச் சாட்சியும் அந்த அறையில்தான். வெளியே கேட்பது என் குரல் மட்டும். மலாய்க்கார மெக்கானிக் மலாயில் கிசுகிசுத்ததை நானும் மலாயிலேயே திருப்பிச் சொன்னேன். கிளிப்பிள்ளை வேலைதான். அணியின் வக்கீல் குதியோ குதியென்று குதித்தார். ரொஸ்னா அசையவில்லை. அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

மணியின் முறை வந்தது. மைக்கை மூடிக்கொண்டேன்.

"அண்ணே, எம் பொண்டாட்டி வேலைக்கு ஒண்ணும் வராதுல்ல?"

"வெளிய கேக்கப்போறது என் கொரலுதான் தம்பி. தைரியமா சொல்லுங்க லா."

சொன்னார். ஊசி போட்ட டாக்டர், மயங்கி விழுந்த வீரர், வெயிலால் வந்த மயக்கம் என்று சொல்லச் சொன்ன மேனேஜர், எதையும் விடவில்லை. அந்தத் துணிச்சல் எனக்கு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சாயங்காலம் தேநீர்க் கடையில் அந்த வக்கீல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரும் தமிழர்தான்.

"அண்ணே, மயக்கம் போட்ட கதைய சொன்னது யாரு? நமக்குள்ள சொல்லுங்க லா."

"நான்தான் சொன்னேன். நீங்கதான் கேட்டீங்களே!"

முகத்தை மறைத்தால் மட்டும் போதாது, ஆளை அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் மறைக்க வேண்டும் என்பதை ரொஸ்னாவிடம் கற்றேன். அணி கலைந்தது. மணியின் மனைவி அதே தொழிற்சாலையில் கடைசிவரை வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகுதான் மணி என்னைக் கூப்பிட்டார்.

"இப்ப நடந்தத எம் பேரப் போட்டே எழுதுங்கண்ணே."