இருபத்து நான்கு வோல்ட்டும் ஒரு பலாக் கிளையும்

எங்கள் வீட்டில் சோலார் இன்வெர்ட்டரைப் பொருத்தியவர் செங்கத்திலிருந்து மலையேறி வந்திருந்தார். வேலை முடிந்து ஜீப்பில் ஏறும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "லைட்டு எரியுதா, ஃபேன் சுத்துதா, அதோட விட்ருங்கம்மா. பட்டன்ல மட்டும் கைய வெக்காதீங்க." அந்த ஜீப் வளைவு திரும்புவதற்குள் நான் கையை வைத்துவிட்டேன். என் குணம் அப்படி.

ஒரே வாரத்தில் அந்தப் பெட்டி எனக்கு அத்துப்படி. வீட்டுக்கு முதலில் எதை எடுக்கட்டும் என்று அதில் ஒரு செட்டிங் உண்டு. முதலில் சோலார், அடுத்து பேட்டரி, இரண்டும் தீர்ந்தால்தான் லைன் கரண்ட் என்று வைத்தேன். மாடியில் வெயில் கொட்டிக் கிடக்கும்போது கம்பியில் வருவதற்கு ஏன் கையேந்த வேண்டும்? ஊரில் வேறு யார் வீட்டிலும் இன்வெர்ட்டர் கிடையாது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமைதான் போன வைகாசியில் என் காலை வாரிவிட்டது.

அப்போது எங்கள் வீட்டில் முட்டை பொரிக்கும் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. தெர்மாகோல் பெட்டி, உள்ளே சின்ன ஹீட்டரும் ஃபேனும், வெளியே சூட்டைக் காட்டும் எண்ணும். அதிலிருந்த இருபத்தேழு முட்டைகளும் பக்கத்து வீட்டில் இருக்கும் என் ஓரகத்தியுடையவை. வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். முதலில் தரவே மாட்டேன் என்றாள். "கோழி செய்ற வேலைய கரண்ட்டு செய்யுமா? உனுக்கு இன்னாடி பைத்தியமா?" என்று சிரித்தாள். நான் நச்சரித்துத்தான் வாங்கினேன்.

வாங்கிய பத்தாம் நாள் அவள் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வந்தது. நான்கே நாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவை சாதாரணக் கோழிகள் அல்ல. கழுத்தில் இறகே இல்லாத ஜாதி. கல்யாணமாகி வந்தபோது அவள் அம்மா கூடையில் வைத்துக் கொடுத்தனுப்பிய பெட்டையின் வம்சம். ஊர்ச் சேவல்களோடு கலந்து கலந்து, பொரிக்கிற குஞ்சுகளில் ஒன்றிரண்டுதான் மொட்டைக் கழுத்தோடு வரும். அவள் அம்மா இறந்து, அந்த வீடும் பூட்டிக் கிடக்கிறது. அந்த ஜாதி இனி எங்காவது இருந்தால் அது என் பெட்டிக்குள்தான். அதற்குப் பிறகு அக்கா கிண்டல் செய்யவில்லை. தினமும் காலையில் வந்து பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

முட்டை வைத்த பத்தொன்பதாம் நாள் முழுக்க மேகமூட்டம். சாயங்காலம் காற்று சுழற்றி அடித்தது. மலைப்பாதை நெடுக மரம் விழுந்து, மின்கம்பம் சாய்ந்து, லைன் கரண்ட் போனது. செங்கத்துக்குப் போன வீட்டுக்காரர் அங்கேயே மாட்டிக்கொண்டார். நான் அசரவே இல்லை. இன்வெர்ட்டர்தான் இருக்கிறதே என்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விடிந்து பார்த்தால், நிரம்பினால் இருபத்தேழு காட்டும் பேட்டரி இருபத்திரண்டு வோல்ட்டில் நிற்கிறது. முந்தின நாள் லைன் கரண்ட் ஜோராக இருக்கும்போதே, டிவிக்கும் ஃபேனுக்கும் பேட்டரியைக் கரைத்திருக்கிறது நான் வைத்த செட்டிங். காற்றடித்த நேரத்தில் அதில் பாதிகூட இருந்திருக்காது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. வெயிலும் இல்லை. எட்டரை மணிக்கு இன்வெர்ட்டர் நீளமாகக் கத்திவிட்டு அணைந்தது.

பெட்டியின் ஃபேனும் நின்று, வீடே நிசப்தமானது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முட்டைக்குள்ளிருந்து, மெலிசாக, கீச் என்று.

"ஏய், கூப்புடுதுடி!" என்றாள், வழக்கம்போல் காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்த அக்கா. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பொரிக்கும் நேரத்தில் மூடியைத் திறக்கவும் கூடாது. ஈரம் போனால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துவிடும். அதனால் பெட்டியைச் சுற்றிக் கம்பளியைப் போர்த்தி, வெந்நீர் நிரப்பிய பாட்டில்களை அண்டக் கொடுத்தோம். அப்படியும் சூடு முப்பத்தேழிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது.

பத்து மணிக்கு மேகம் விலகியது. பேட்டரியில் எண் ஏறியது: இருபத்திரண்டரை, இருபத்து மூன்று. ஆனால் இன்வெர்ட்டர் திரும்ப ஓடுவதாக இல்லை. இருபத்தாறு வோல்ட் ஏறினால்தான் மறுபடி கரண்ட் கொடுப்பேன் என்று அதற்குள் ஒரு கணக்கு. பேட்டரி சீக்கிரம் சாகாமல் இருக்க வைத்த கணக்கு அது, நியாயமானதுதான். ஆனால் அதுவரை அந்தக் கீச் காத்திருக்குமா? செட்டிங்குக்குள் நுழைந்து தேடினேன். அவசரத்தில் இரண்டு முறை வழி தவறி வெளியே வந்தேன். மூன்றாம் முறை அந்த இருபத்தாறு கிடைத்தது. இருபத்து நான்காகக் குறைத்தேன்.

"பேட்டரி கெட்டுப்பூடாதா?" என்றாள் அக்கா.

"கெட்டா கெட்டுட்டு போவுதுக்கா. நீ நெம்பர படி."

அவள் இன்வெர்ட்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஓட்டு எண்ணுகிற இடத்தில் சொல்வது போல உரக்கச் சொல்லத் தொடங்கினாள். "இருவத்தி மூணு புள்ளி ஆறு. புள்ளி ஏழு. ஏய், எட்டுடி!" இருபத்து நான்கு வந்ததும் உள்ளே டக் என்றது, பெட்டியின் ஃபேன் சுற்றியது. நாங்கள் இரண்டு பேரும் கத்திய கத்தலில் வாசலில் நின்ற மாடு மிரண்டது.

ஒரு மணி வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். அதற்குமேல் மாடியிலிருக்கும் சோலார் பேனல்மேல் நிழல் விழும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும் பலாமரத்தின் நிழல், மரம் அக்காவுடையது. அந்த ஒரு கிளையை வெட்டச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறேன். "காய்க்கிற மரத்துல கைய வெக்கச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று கேட்டவள் அவள். அதற்காக ஒரு பொங்கலுக்கு நாங்கள் பேசிக்கொள்ளவும் இல்லை.

எண் இறங்க ஆரம்பித்தது. இருபத்து மூன்றரை. இருபத்து மூன்று. நான் ஜன்னல் வழியாக அந்தக் கிளையைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை, சத்தியமாகத் திறக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள், கிளையைப் பார்த்தாள், எழுந்து போனாள். சற்று நேரத்தில் கொடுவாள் மரத்தில் விழும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மரத்தின் பாதி உயரத்தில் நிற்கிறாள். பிஞ்சும் காயுமாகக் கிளை முறிந்து சாய்ந்தது. மாடியில் வெயில் அப்படியே விரிந்தது.

"இன்னா நெம்பரு?" என்று மேலிருந்து கத்தினாள்.

உள்ளே ஓடினேன், வெளியே ஓடினேன். "இருவத்தி மூணு புள்ளி நாலு! ஏறுதுக்கா, ஏறுது!"

பெட்டிக்குக் கரண்ட் அதன்பிறகு நிற்கவே இல்லை. வேறு எதற்கும் சொட்டுக் கரண்ட் விடாமல் காத்தேன். சாயங்காலம் முதல் முட்டை உடைந்தது. மறுநாள் காலைக்குள் பதினாறு குஞ்சுகள், மஞ்சளும் கறுப்புமாக. அக்கா மூடியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் கழுத்தையும் பார்த்தாள். எல்லாக் கழுத்திலும் முடி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு முட்டை மட்டும் ஓட்டை விழுந்தபடி அசைந்துகொண்டிருந்தது. ஒன்பது மணி வாக்கில் அது இரண்டாகப் பிளந்தது. ஈரமாக ஒன்று உருண்டு வந்து, தள்ளாடித் தலையைத் தூக்கியது. கழுத்து சிவப்பாக, வழவழவென்று, ஒரு முடிகூட இல்லாமல் இருந்தது.

உடம்பு காயும்வரைகூட அக்காவை நிறுத்திவைக்க முடியவில்லை. மூடியைத் திறந்து அதை எடுத்தாள். பலாப்பால் அப்பிக் கறுத்திருந்த உள்ளங்கையில் அது ஒட்டிக்கொண்டு கீச் கீச் என்று கத்தியது.

"வந்துட்டாடி," என்றாள், "எங்கம்மா வூட்டுக்காரி வந்துட்டா."