பெருச்சாளிக்குக் குரல் கொடுத்தவள்

மைக்கக்காவுக்குக் கோபம் வந்தாலும் குரல் ஏறாது, சந்தோஷம் வந்தாலும் இறங்காது. பேருந்து நிலையத்தின் நடுவே, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று மைக்கில் அறிவிப்பது அவள் வேலை. அதனால்தான் எல்லோருக்கும் அவள் மைக்கக்கா. வண்டி நேரத்துக்கு வந்தாலும் அதே குரல்தான், பாதி வழியில் படுத்துக்கொண்டாலும் அதே குரல்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்போதைய மேலாளர், கொஞ்சம் சிரித்த முகமாகச் சொல்லேன் அம்மா என்று கேட்டுப் பார்த்தார். அவளும் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். முகம் சிரித்தது, குரல் சிரிக்கவில்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டிலும் அப்படித்தான். அவள் கணவர் டயர் கடை வைத்திருந்தார். மனைவி சாப்பிடக் கூப்பிடுவது, இரண்டாம் நடைமேடையிலிருந்து சாப்பாடு புறப்படப் போகிறது என்பது போல இருக்கிறது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் ஒருநாள் மத்தியானம், வண்டிக்குக் காத்திருந்த ஒல்லியான மனிதர் ஒருவர் அவளுடைய கண்ணாடியைத் தட்டினார். நேரம் விசாரிக்க வந்தவர் என்று நினைத்து, விசாரணைக் கவுண்டர் அடுத்த ஜன்னல் என்று சொல்லிக் கையைக் காட்டினாள். அந்த மனிதர் நகரவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். சொன்னாள். இன்னொரு தடவை என்றார். பைத்தியமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

அவர் படக்கதை வரைகிற ஓவியர். ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், ‘தொலைந்த பொருள் இலாகா’ என்று ஒரு படக்கதை சில காலமாக அவர் கைவண்ணத்தில் வந்துகொண்டிருந்தது. தொலைந்த பொருள்களைத் தேடிக் கொடுக்கும் ஓர் அலுவலகம். அதன் அதிகாரி ஒரு பெருச்சாளி, உதவியாளர் ஒரு கொக்கு. குடையைத் தொலைத்தவர், நிழலைத் தொலைத்தவர், சொந்தப் பெயரைத் தொலைத்துவிட்டு என்னவென்று விண்ணப்பிப்பது என்று தெரியாமல் நிற்பவர் என்று வாரம் ஒருவர் வருவார். மந்திரி வந்தாலும் மாடு வந்தாலும் பெருச்சாளி ஒரே மாதிரிதான் பேசும். படித்தவர்களில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மீதிப் பேர், இதில் என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டினார்கள். பிள்ளைகள் எதிர்த்துப் பேசப் பழகுகிறார்கள் என்று பெற்றோர் சிலர் புகார் சொன்னதில் பத்திரிகைக்காரர்கள் படக்கதையைக் கைகழுவிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு சின்னக் கம்பெனி அதைக் கணிப்பொறி விளையாட்டாக்க முன்வந்தது. சுடுவதோ துரத்துவதோ கிடையாது. திரையில் கிடக்கும் பொருள்களை எடுத்து, ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் பார்த்து, புதிரை அவிழ்த்துப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சரியாகச் சேர்த்தால் கதவு திறக்கும். தப்பாகச் சேர்த்தால் பெருச்சாளி ஏதாவது சொல்லும். அந்தக் குரலுக்குத்தான் ஆள் தேடினார்கள். நாடக நடிகர்கள் பலர் வந்து பேசிப் பார்த்தார்கள். எல்லோரும் சிரிக்க வைக்கப் பார்த்தார்கள், அதனாலேயே சிரிப்பு வரவில்லை.

“நீங்க நடிக்கவே வேண்டாம். இப்ப என்கிட்ட பேசுனீங்களே, அப்படியே பேசினாப் போதும்” என்றார் ஓவியர்.

அவள் கணவரிடம் கேட்டாள். பெருச்சாளி என்றதும் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். போய்விட்டு வா, வீட்டில் நாங்கள் இலவசமாகக் கேட்பதை ஊரும் கேட்கட்டும் என்றார்.

சில ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வேலை நடந்தது. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை கட்டித் தொங்கவிட்ட அறை. மின்விசிறி சத்தம் பதிவாகிவிடும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். வியர்க்க வியர்க்க உட்கார்ந்து, கொடுத்ததை அவள் வாசித்தாள். “குடையைத் தவளையோட சேர்க்கவா? ஆகாது.” “அந்தப் பூட்டை நாக்கால திறக்க முடியாது. முயற்சி பண்ணவும் வேண்டாம்.” “ஏற்கெனவே கேட்டே. ஏற்கெனவே சொன்னேன்.” அன்று நிலையத்தில் அவளைப் பார்த்துவிட்டுப் போன ஓவியர் எழுதிச் சேர்த்ததும் ஒன்று இருந்தது: “நீ தொலைச்சது பொருள் இல்ல, பொறுமை. அது அடுத்த ஜன்னல்.” பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அவர்கள் சிரிப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது.

விளையாட்டு கடைக்கு வந்தது, வந்த வேகத்திலேயே திரும்பியும் போனது. கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது. ஓவியர் மருந்துப் பெட்டிகளுக்கு அட்டைப்படம் வரையப் போய்விட்டார். மைக்கக்காவுக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தார்கள். கணிப்பொறி இல்லாத வீட்டில் அதை வைத்து என்ன செய்வது? அதன் அட்டையை வெட்டி மகள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிகாரம் செய்துகொண்டு போனாள். அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முடியாமல் ஒட்டிக்கொண்டது அவள் நாக்கில் மட்டும்தான். மகள் இன்னொரு தடவை பணம் கேட்டால், “ஏற்கெனவே கேட்டே, ஏற்கெனவே சொன்னேன்” என்பாள். கணவர் சட்டையைக் காணோம் என்று கத்தினால், “அது அடுத்த ஜன்னல்” என்பாள். மகள் அதையெல்லாம் அம்மாவின் பேச்சு என்றே நினைத்து வளர்ந்தாள்.

வருஷங்கள் ஓடின. மகள் வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போனாள். சேர்ந்த வாரத்திலேயே தொலைபேசியில் அழாத குறையாகப் பேசினாள்.

“அம்மா, இங்க எல்லாரும் உன்னைக் கிண்டல் பண்றாங்க.”

“என்னை யாருக்கு அங்க தெரியும்?”

“தெரியலம்மா. ஆனா சாப்பாட்டு வரிசையில ஒருத்தி உன்னை மாதிரியே ‘அது அடுத்த ஜன்னல்’ங்கிறா. இன்னொருத்தி ‘ஆகாது’ங்கிறா. உன் குரல்லயே சொல்றாங்க. நான் நல்லாத் திட்டிட்டேன்.”

மறுநாள் கதை வேறாகிவிட்டது. திட்டு வாங்கிய அறைத்தோழி, என்ன ஏது என்று புரியாமல், தன் கணிப்பொறியைத் திறந்து அந்த விளையாட்டைக் காட்டியிருக்கிறாள். திரையில் கோட்டு போட்ட பெருச்சாளி வாயைத் திறந்ததும் கேட்டது அம்மாவின் குரல். இது என் அம்மா என்று மகள் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு, அம்மா, குடையைத் தவளையோடு சேர்க்கவா என்று கேட்டாள். வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த மைக்கக்கா, ஆகாது என்றாள். அந்தப் பக்கம் எழுந்த கூச்சலில் அவள் காதிலிருந்து போனை எடுத்துவிட்டாள்.

கடைகளில் விலை போகாத விளையாட்டு, கைக்குக் கை மாறிப் பிரதியெடுக்கப்பட்டு, விடுதி விடுதியாக, அலுவலகம் அலுவலகமாகப் போயிருந்தது. படித்து முடித்துப் போனவர்கள் அடுத்து வந்தவர்களுக்கு விட்டுப்போனார்கள். மூன்றாவது புதிரைப் பற்றிச் சண்டை போட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இருந்தார்கள். பழைய படக்கதைகளைத் தேடிப்பிடித்து யாரோ புத்தகமாகப் போட்டார்கள், அது தீர்ந்துபோய் மறுபடியும் போட்டார்கள். சட்டையில் பெருச்சாளி, தேநீர்க் கோப்பையில் கொக்கு. விளையாட்டையே கண்ணால் பார்க்காதவர்கள்கூட, கடையில் ஒரு பொருள் இல்லையென்றால் “அடுத்த ஜன்னல்” என்றார்கள்.

மகள் வாயிலிருந்து சேதி பரவியதும் பேருந்து நிலையத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கேயும் போக வேண்டியவர்கள் இல்லை. அவள் அறிவிப்பைக் கேட்க வந்தவர்கள். அவள் ஒரு வண்டியை அறிவித்து முடித்ததும் மூலையிலிருந்து நாலைந்து பேர் கோரஸாக, “அது அடுத்த ஜன்னல்” என்று முடித்துவைப்பார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று கை காட்டுவார்கள். அவளும் பதிலுக்குக் கையை உயர்த்துவாள்.

புது மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. இது பேருந்து நிலையமா நாடகக் கொட்டகையா என்று கேட்டார். பதிவு செய்த குரலில் அறிவிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, அவளை மாதச் சீட்டுக் கவுண்டருக்கு அனுப்பினார். ரசிகர்கள் கொதித்துப்போய், வாசலில் பலகை பிடித்துக்கொண்டு உட்காரப் போவதாகச் சொன்னார்கள். அவள் தடுத்துவிட்டாள்.

“நீங்க கத்தினா அவர் என்னை இன்னும் தூரமாத் தூக்கிப் போடுவார். என்னைப் பாக்கணும்னா வந்து சீட்டு வாங்குங்க. நிலையத்துக்கும் வியாபாரம் ஆகும்.”

வந்து வாங்கினார்கள். சொந்தக் கார் வைத்திருந்தவர்கள்கூட வாங்கினார்கள். மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஊருக்கு வெளியே பாலம் மூழ்கி, வர வேண்டிய வண்டிகள் வரவில்லை. நிலையத்தில் கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. இயந்திரம் பாட்டுக்கு, வராத வண்டிகளையெல்லாம் புறப்படத் தயார் என்று அறிவித்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் இந்த நடைமேடைக்கும் அந்த நடைமேடைக்கும் ஓடி ஓடி அலுத்துப்போன நேரத்தில், நாலாவது நடைமேடையில் ஒரே ஒரு வண்டி வந்து நின்றது. மொத்தக் கூட்டமும் அதன் மேல் பாய்ந்தது. ஒரு குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்த இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன, ஆள் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மைக்கக்கா சீட்டுக் கட்டை மூடிவைத்துவிட்டு எழுந்தாள்.

தொப்பலாக நனைந்த மேலாளர் அவள் கவுண்டருக்கு ஓடி வந்தார்.

“அக்கா, கொஞ்சம் மைக்குக்கு வாங்க” என்றார். அதுவரை அவளை அக்கா என்று கூப்பிடாத ஒரே ஆள் அவர்தான்.

அவள் போய் இயந்திரத்தை அணைத்துவிட்டு, தள்ளாதீர்கள், அமைதியாக இருங்கள் என்று முறைப்படி அறிவித்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னுமொரு முறை அறிவித்தாள். பிறகு ஒரு நொடி கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள்.

“நாலாவது நடைமேடை. ஒரு வண்டி. ஒரு கதவு. கதவையும் இவ்வளவு பேரையும் சேர்க்கவா? ஆகாது.”

யாரோ ஒருவர் சிரித்தார். பல தலைகள் ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பின.

“சிவப்புக் குடை. குடையை விரிச்சபடியே பஸ்ஸுக்குள்ள கொண்டுபோக முடியாது. முயற்சி பண்ணவும் வேண்டாம். பின்னாடி கண்ணாடி வழியா ஏறுற அண்ணே, நீங்க தொலைச்சது சீட்டு இல்ல, பொறுமை.”

அது அடுத்த ஜன்னல் என்று நிலையமே சொன்னது. தெரியாதவர்கள் பக்கத்தில் இருந்தவர்களிடம் என்ன என்று கேட்டார்கள். கேட்பதற்காக நின்றார்கள். நின்றதும் தள்ளுவது நின்றது. கண்ணாடி வழியாக ஏறியவர் அசடு வழிய இறங்கினார். அந்த அமைதியைப் பிடித்துக்கொண்டு, குழந்தை வைத்திருப்பவர்கள் முதலில், மற்றவர்கள் வரிசையில் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவளைப் பார்க்கவென்றே வருகிற இளைஞர்கள் கையைக் கோத்துக்கொண்டு வரிசைக்கு வேலி போட்டார்கள். சாயங்காலம் தண்ணீர் வடிந்து வண்டிகள் ஒன்றொன்றாக வந்தன. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மேலாளர் தன் கையாலேயே தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அது யார் அந்தப் பெருச்சாளி என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். மறுவாரமே அவள் கண்ணாடி அறைக்குத் திரும்பினாள்.

அதற்கப்புறம் ரசிகர்கள் ஒரு மண்டபம் எடுத்துக் கூட்டம் போட்டார்கள். ஓவியரும் வந்திருந்தார். தலை நரைத்திருந்தது, ஒல்லி மட்டும் மாறவில்லை. மேடையில் உட்காரவைத்தபோது மைக்கக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. பேச்சு முடிந்ததும் ஒருவர் தயங்கித் தயங்கி மேடைக்குப் பக்கத்தில் வந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவராம். ஒரு காலத்தில் வேலை போய், வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்தாராம். அப்போதெல்லாம் இந்த விளையாட்டுதான் துணையாம்.

“அந்த நேரத்துல எல்லாரும் என்னைத்தான் ஆகாதுன்னாங்க” என்றார். “நீங்க மட்டும்தான் குடையை ஆகாதுன்னீங்க.”

அவள் மேடை விளிம்புக்கு வந்து அவர் பக்கம் குனிந்தாள்.

“அப்புறம் வேலை கிடைச்சுதா?” என்று கேட்டாள்.

“கிடைச்சுதுங்க.”

“நல்லது” என்றாள். வழக்கமான அதே குரல்தான். அவர் என்னவோ பெரிய வாழ்த்து வாங்கியவர் போலச் சிரித்துக்கொண்டே போனார்.

இப்போது வேறொரு கம்பெனியில் இரண்டாவது விளையாட்டு தயாராகிறது. பெருச்சாளிக்கு அவளேதான் பேசுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பதிவுக்குப் போகிறாள். அறையில் குளிர்சாதனம் இருக்கிறது, தொண்டைக்கு ஆகவில்லை என்று அவளே அதை அணைக்கச் சொல்கிறாள். எழுதிக் கொடுத்ததில் பிடிக்காத வரி இருந்தால், பெருச்சாளி இப்படிப் பேசாது என்கிறாள். ஓவியர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுக்கிறார்.

மகள் விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய கணிப்பொறியை வீட்டில் விட்டுப்போனாள். கடையை மூடிவிட்டு வந்ததும் கணவர் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். விளையாட்டில் வரும் கிணற்றடியிலேயே வாரக்கணக்காக மாட்டிக்கொண்டு கிடக்கிறார்.

“வாளியைக் கொக்குகிட்ட குடுத்தாச்சு, கயித்தையும் குடுத்தாச்சு. நீதானே இதுல இருக்கே, விடையைச் சொல்லேன்.”

“எனக்கு எப்படித் தெரியும்? தப்புக்கெல்லாம் என்ன சொல்றதுன்னு மட்டும்தான் எனக்குக் குடுத்தாங்க.”

அவர் நம்பவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, திரையைக் காட்டி, அந்த மீன்கூடையை எடுத்துப் பாருங்கள் என்றாள்.