பூஜையில் வைத்த துப்பாக்கி

எங்கள் தாம்பரம் வங்கிக் கிளையின் வாசலில் சவுரிமுத்து அண்ணன் துப்பாக்கியோடு காவல் நிற்பதை ரொம்ப நாள் நான் வேடிக்கையாகத்தான் பார்த்தேன். கேஷ் கவுண்டரிலிருந்தபடியே, "அண்ணா, அது சுடுமா, இல்ல சும்மா ஷோவுக்கா?" என்று வம்புக்கு இழுப்பேன். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த மனுஷன். "சுடாம இருக்கறதுக்குத்தான் மேடம் சம்பளம்" என்று சிரிப்பார்.

துப்பாக்கி அவருடைய சொந்தம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே நம்மூரில் அது லேசில் கிடைக்கிற சமாசாரமில்லை. தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். வங்கிக் காவலுக்கு விலக்கு உண்டு. வேறு ஆள் கையில் கொடுத்தால் லைசென்ஸுக்கே ஆபத்து. லைசென்ஸ் போனால் அண்ணனுக்கு வேலையும் போச்சு.

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், பணம் எண்ணும் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம். வேளாங்கண்ணி மாதாவைக் கும்பிடுகிற அண்ணனும் எங்களுக்காகத் துப்பாக்கியை சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்தார். பிறகு வாசலில் பூசணிக்காய் உடைத்தார். பைக்கில் போகிறவன் எவனாவது வழுக்கி விழப்போகிறானே என்று ரோட்டில் சிதறிய துண்டுகளை வேறு பெருக்கிக்கொண்டிருந்தார்.

அந்த இடைவெளியில்தான் மேனேஜர் சத்தியநாதன் சார் துப்பாக்கியை உள்ளேயே விட்டுக் கதவைப் பூட்டி, சாவியோடு காரில் கிளம்பிவிட்டார். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரைக்கும் எடுக்கக்கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம்.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. நான் மேனேஜருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"வண்டலூர் தாண்டிட்டேன் ஹேமா. உள்ளதானே பத்திரமா இருக்கு?"

"சார், அது என் பேர்ல கீது. இன்னா ஆனாலும் என் தலையிலதான் விடியும். நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கியேதான் நிப்பேன்."

நின்றார். பொரி மூட்டையும் வாழைக்கன்றுமாக ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. கிரில் கதவு வழியாக உள்ளே பார்த்தபடியே நின்றார். அவரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக எனக்கு மனசு வரவில்லை.

மேனேஜர் திரும்பி வந்தபோது எரிச்சலில் இருந்தார். கதவைத் திறந்தவர், எங்கள் இறுகிய முகங்களைப் பார்த்துவிட்டு, சூழலை லேசாக்க நினைத்தாரோ என்னவோ, விடுவிடுவென்று போய்த் துப்பாக்கியை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"ஹேமா, ஹேண்ட்ஸ் அப்!"

"கீழ வைங்க சார்!"

அந்தக் குரலை அண்ணனிடம் நான் கேட்டதே இல்லை. மேனேஜர் பதறிப்போய் மேஜைமேல் வைத்தார்.

"விளையாட்டுக்குத்தானேப்பா! லோட் பண்ணியா வச்சிருப்பே?"

அண்ணன் துப்பாக்கியை எடுத்து மடக்கித் திறந்து காட்டினார். குழல் காலி. பூஜையில் வைக்கும் முன்பே எடுத்த தோட்டாக்கள் அவர் சட்டைப் பையில் இருந்தன.

"காலின்னு எனக்குத் தெரியும் சார். மேடத்துக்குத் தெரியுமா?"

நான் அண்ணனையே பார்த்தேன். இத்தனை பெரிய பயத்தைத் தினமும் தோளில் தூக்கிக்கொண்டு, எங்களுக்குச் சிரித்த முகத்தை மட்டும் காட்டிய மனுஷனா இவர் என்று பிரமிப்பாக இருந்தது.

அவர் துப்பாக்கியை உறையில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்.

"கைய எறக்குங்க மேடம்."