பவளப்பாறையில் ஒரு ஜோடி

1970 பிப்ரவரி, வியாழன். எங்கள் சுரங்க ஊரான ஊரிகத்தின் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது வழியனுப்ப யாருமில்லை. என் மனைவி ஸ்டெல்லா இருந்தவரை, கடற்கரை ஊரான மண்டபத்துக்குப் போவதென்றால் கட்டுச்சோறே ஒரு கூடை வரும். அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்தத் தடவை கூடையும் இல்லை, பேச்சும் இல்லை. பங்காரப்பேட்டை, ஜோலார்பேட்டை, ஈரோடு, திருச்சி என்று வண்டி மாறி மாறி மறுநாள் மாலை போய்ச் சேர்ந்தேன். வழியில் நான் வாய் திறந்ததெல்லாம் பதினைந்து பைசா டீ கேட்கத்தான்.

அழைத்தவன் டேவிட், ஸ்டெல்லாவின் தம்பி. சுரங்கத் தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீடுகளில் வளர்ந்தவன். இப்போது மண்டபத்தில் மீன் ஆராய்ச்சி வேலை. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய் மீன் பார்க்கிறான். தனியாக இறங்கக் கூடாது என்பது விதி. கூட இறங்குகிறவருக்குக் காதில் சீழ். நானோ தங்கச் சுரங்கத்து மீட்புக் குழுவில், புகைக்குள் போக மூச்சுக்கருவி மாட்டி, மூக்கை அடைத்துக்கொண்டு வாயால் மூச்சுவிட்டே பழகியவன். அதனால் என் நினைவு வந்திருக்கிறது. மனுஷன் தனியாகக் கிடக்கிறாரே என்ற இரக்கமும் இருந்திருக்கலாம். இரக்கமென்றாலும் பரவாயில்லை என்றுதான் கிளம்பினேன்.

சனிக்கிழமை முழுக்க இடுப்பளவுத் தண்ணீரில் பழக்கினான். மாலையில் ஈர மணலில் மீன் வரைந்து பாடம். வண்ணத்துப்பூச்சி மீன் என்றொரு குடும்பம். அப்பளம் போலத் தட்டையான உடம்பு, முன்னால் நீண்ட சின்ன வாய், கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை. ஏஞ்சல் மீனும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஆனால் அதன் கன்னத்தில் ஒரு முள் உண்டு, இதற்குக் கிடையாது. தொடக் கூடாது, துரத்தக் கூடாது, தள்ளி அசையாமல் நிற்க வேண்டும். அது மறுபடி மேயத் தொடங்கினால் நம்மைப் பொறுத்துக்கொண்டது என்று அர்த்தம். ஒரு பாறையில் ஒரு ஜோடியை அவன் பல மாதமாகக் கவனித்து வருகிறான். "ஒண்ண வுட்டு ஒண்ணு போவாது மாமா," என்றான். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மணலில் வரைந்ததை அழித்தான்.

ஞாயிறு காலை வள்ளத்தில் ஐந்து கிலோமீட்டர். தீவுக்குப் பக்கத்தில் இருபதடி ஆழம். சுரங்கத்தில் எட்டாயிரம் அடிக்குக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குகிறவனுக்கு இதெல்லாம் ஒரு ஆழமா என்று இளக்காரமாகத்தான் குதித்தேன். ஆனால் சுரங்கத்தில் இப்படி வெளிச்சம் கிடையாது. பாறையோரம் அந்த இரண்டும் இருந்தன: வெள்ளை உடம்பில் சாய்ந்த கோடுகள், பின்பக்கம் மஞ்சள். கன்னத்தைப் பார்த்தேன், முள் இல்லை. ஒன்று மேய்ந்தால் மற்றது பக்கத்திலேயே நின்றது. பிறகு அது மேய்ந்தது, இது நின்றது. வெகுநாளுக்குப் பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டேவிட் ஒரு பாறை விளிம்பைக் காட்டி, அதன் கீழே பதுங்கச் சொல்லிச் சைகை செய்தான். தலைக்கு மேலே பாறை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எங்கள் ஆட்கள் யாரும் தட்டிப் பார்க்காமல் பாறைக்குக் கீழே தலை கொடுப்பதில்லை. உள்ளே பொத்தல் இருப்பதுபோல் சத்தம் கேட்டால் அது விழப்போகிற பாறை. இடுப்பில் கட்டியிருந்த கத்தியின் பிடியால் ஓங்கி மூன்று தட்டுத் தட்டிவிட்டேன். தண்ணீருக்குள் அது வெடிபோலக் கேட்டது. இரண்டு மீனும் ஆளுக்கொரு பக்கம் பறந்தன.

காத்திருந்தோம். ஒன்று மட்டும் திரும்பி வந்தது. மேயவில்லை. பாறையைச் சுற்றியது, வெளியே போய்ப் பார்த்தது, மறுபடி வந்து சுற்றியது. ஸ்டெல்லா போன பிறகு வீட்டுக்குள் நான் அப்படித்தான் அறை அறையாக நடந்தேன். என்னால் பார்க்க முடியவில்லை. அதற்குள் காற்று தீரும் நேரம் வந்துவிட்டது, மேலே வந்தோம்.

வள்ளத்தில் டேவிட் திட்டவே இல்லை. பல மாத வேலை போயிற்றே என்று முகம் மட்டும் வாடியிருந்தது. நாளைக்கு இன்னொரு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகிறேன் என்று கெஞ்சினேன்.

"வாணாம் மாமா. நாம திரும்பத் திரும்பப் போனா இருக்கிறதும் எடத்த வுட்டுப் பூடும். கொஞ்ச நாளு யாரும் போவாம இருக்கணும்."

"அது வரலன்னா இன்னா பண்றது?"

"வரும்னு நான் எப்பிடி மாமா சொல்றது," என்றான்.

திங்களன்று கிளம்பினேன். எங்கள் ஊரில், கீழே பாறை வெடித்து ஒருவர் மேலே வரவில்லையென்றால், ஷிப்ட் முடிந்தவர்களும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். உயிரோ உடலோ கேஜில் வரும்வரை சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாசலிலேயே நிற்பார்கள். நானும் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். மண்டபத்தில் நிற்காமல் போவதுதான் அந்த மீனுக்கு நான் செய்யக்கூடிய உபகாரம். புத்திக்கு அது விளங்குகிறது. ஆனாலும் வந்ததா வரவில்லையா என்று தெரியாமல் நான் வீடு திரும்பியது இதுதான் முதல் தடவை.